மூன்று எண்ணும் வரைக்கும்

பெரும்போக அறுவடை முடிகிற நாட்களில் கிளிநொச்சியின் உருத்திரபுரம் வீதியால் போகிறவர்களுக்கு அந்த மணம் தெரியும். வெயிலில் அரைகுறையாகக் காய்ந்த புது வைக்கோலின் மணம். இப்போது வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கி, கதிரை வெட்டி, நெல்லைப் பிரித்து, வைக்கோலைத் துண்டு துண்டாகத் துப்பிவிட்டுப் போய்விடுகிறது. சூடு வைப்பதும் இல்லை, இரவிரவாகச் சூடு மிதிப்பதும் இல்லை. மணம் மட்டும் அப்படியே இருக்கிறது. போன கிழமை பள்ளிக்கூடம் போகும் வழியில் அது மூக்கில் ஏறியதும், ஓட்டோவுக்குள் இருந்தபடியே என் இரண்டு தொடைகளும் தாமாக இறுகின. யாரோ அவற்றில் ஏறி நிற்கப் போகிறார்கள் என்று உடம்பு நினைத்துவிட்டது.

அறுவடைக் காலமும் இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலமும் எங்கள் பக்கத்தில் ஒன்றாகவே வரும். தை பிறந்துவிட்டால் மைதானத்தில் புல்லுச் செருக்குவார்கள், கோடு போடுவார்கள், இல்லங்களுக்குக் கொட்டில் கட்டக் கிடுகு சேர்ப்பார்கள். நான் படித்த காலத்தில் நாங்கள் சாக்குகளோடு வயலுக்குப் போய் வைக்கோல் அடைத்து வருவோம். மெத்தை என்பது எங்கள் பள்ளிக்கூடம் காணாத பொருள். வைக்கோல் அடைத்து, கோணூசியால் வாய் தைத்து, தட்டித் தட்டிச் சமனாக்கிய சாக்குகள்தாம் எங்கள் மெத்தைகள். முழங்காலெல்லாம் சுணை ஏறிக் கடிக்கும். வீட்டுக்குப் போய் வாய்க்காலில் இறங்கினால்தான் அடங்கும்.

சாக்கு எதற்கு என்றால், விளையாட்டுப் போட்டி நாளில் அஞ்சலோட்டத்துக்கு முன்னால் நடக்கும் உடற்பயிற்சிக் கண்காட்சிக்கு. ட்ரம் அடிக்க அடிக்க, வெள்ளை உடுப்போடு பிள்ளைகள் நிரையாக ஓடி வந்து முதலில் கையசைப்புப் பயிற்சிகள் செய்வார்கள். பிறகு சோடி சோடியாகப் பிரிந்து ஒருவரில் ஒருவர் ஏறி நிற்பார்கள். பிறகு மூவர், ஐவர். கடைசியில் பிரமிட். சனம் கைதட்டுவது பிரமிட்டுக்குத்தான். எனக்குப் பிடித்தது சோடிகள்.

எண்பதுகளின் முற்பகுதி அது. எங்கள் பீ.ரீ. மாஸ்ரர் வடமராட்சியிலிருந்து மாற்றலாகி வந்தவர். விசிலைக் கழுத்தில் போட்டிருப்பாரே தவிர ஊதுவது குறைவு. பெரிய பிள்ளை கீழே, சின்னப் பிள்ளை மேலே என்று பிரிக்கப் போகிறார் என்று நாங்கள் உயரப்படி வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். அவர் அப்படிச் செய்யவில்லை. இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு ஒட்ட வைத்து, முழங்கைகளைக் கோத்து, அப்படியே நிலத்தில் இருந்து எழும்பச் சொன்னார். யார் மற்றவரைத் தள்ளுகிறார், யார் தன் பாரத்தை மற்றவரிடம் கொடுக்கிறார், யார் அதை வாங்கிக்கொண்டு அசையாமல் இருக்கிறார் என்று சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, நீ கீழை" என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. அதைக் கண்டவர், "பாரத்தைப் பார்த்துச் சொல்லேல்லை. அசையாமல் நிண்டது நீதான்" என்றார்.

என் சோடியாக வந்தவள் எட்டாம் வாய்க்கால் பக்கத்துப் பிள்ளை. என்னைவிட அரைச் சாண் உயரம்கூட. கை கால் நீளம். துள்ளிக்கொண்டே இருப்பவள்.

முதலில் தொடையில் நிற்றல். கீழே நிற்பவர் பாதங்களைத் தோளகலம் விரித்து, கண்ணுக்குத் தெரியாத கதிரையில் இருக்கிற மாதிரி முழங்காலை மடித்து இருக்க வேண்டும். மேலே ஏறுபவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தொடையில் வைப்பார். முழங்காலுக்குக் கிட்ட வைத்தால் கீழே உள்ளவருக்கு மூட்டு நோகும், தொடையும் வழுக்கும். இடுப்போடு ஒட்டி வைத்தால் பாரம் எலும்பால் இறங்கி நேரே நிலத்துக்குப் போகும். ஏறியதும் கீழே உள்ளவர் அவருடைய முழங்கால்களுக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு பின்பக்கம் சாய வேண்டும். மேலே உள்ளவர் முன்பக்கம் சாய்ந்து கைகளை விரிப்பார். கை மடிந்தால் சரி வராது. நீட்டிய கையில் பாரம் தொங்கும். மடித்த கையில் தசை நடுங்கும்.

அடுத்தது நாலு காலில் நிற்பவரின் முதுகில் ஏறி நிற்பது. கைகள் தோளுக்கு நேர் கீழே, முழங்கால்கள் இடுப்புக்கு நேர் கீழே, முதுகு பள்ளம் விழாமல் மேசைபோல. ஏறுபவர் ஒரு காலைத் தோள்பட்டைக்கு மேலும் மற்றதை இடுப்பெலும்புக்கு மேலும் வைக்க வேண்டும். நடு முதுகில் வைக்கவே கூடாது. மாஸ்ரர் கோபப்பட்டு நான் கண்டது இந்த ஒன்றுக்குத்தான். ஒரு பெடியன் ஓடி வந்து நண்பனின் நடு முதுகில் காலை ஊன்றியபோது, அவனை அன்று முழுவதும் சாக்கில் இருத்திவைத்து, முள்ளந்தண்டு எங்கே இருக்கிறது, அதற்குக் கீழே தூண் எங்கே இல்லை என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

பிடியும் அப்படித்தான். விரலோடு விரல் கோக்க விடமாட்டார். வியர்த்தால் நழுவிவிடும். என் கை அவள் மணிக்கட்டில், அவள் கை என் மணிக்கட்டில். ஒரு கை வழுக்கினாலும் மற்றது விடாது.

எல்லாம் பிடிபட்டது. தோளில் நிற்பதுதான் நாட்கணக்காகச் சரிவரவில்லை. அவள் என் தோளில் ஏறி, குதிகால்கள் இரண்டையும் என் பிடரிக்குப் பின்னால் சேர்த்து நிற்பாள். நான் அவள் கெண்டைக்காலைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டு நிற்பேன். ஒரு கணம் நிற்கும். உடனே அவள் வலப்பக்கம் சாய்வதாக எனக்குத் தோன்றும், நான் வலப்பக்கம் நகர்வேன். அதே கணத்தில் அவளும் தான் சாய்வதை உணர்ந்து இடப்பக்கம் இழுப்பாள். இரண்டு பேரும் வைக்கோலில் கிடப்போம். மாஸ்ரர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேலை நிக்கிறவள் சமநிலை பிடிக்கக் கூடாது. விறைச்சுக்கொண்டு நில். விழுறன் எண்டு தெரிஞ்சாலும் நில். பிடிக்கிறது கீழை நிக்கிறவளின்ரை வேலை. ரெண்டு பேரும் பிடிச்சால் ரெண்டு பேரும் விழுவியள்."

விழுகிறேன் என்று தெரிந்தும் ஒன்றும் செய்யாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்று அவளிடம்தான் கேட்க வேண்டும். என் பக்கத்தில் நடந்தது வேறு. பாதத்தின் பெருவிரலும் குதியும் எனக்குக் கண்களாயின. அவளுடைய பாரம் அரை அங்குலம் முன்னே போனால் என் பெருவிரல் அறிந்தது. நான் அந்த அரை அங்குலம் நகர்ந்தால் மேலே எல்லாம் நேரானது. அவளைப் பார்க்க முடியாது; நான் பார்த்துக்கொண்டிருந்தது எதிரே நின்ற மருதமரத்தை. மாஸ்ரர் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணுவார். மூன்று முடியும் வரைக்கும் உலகத்தில் வேறு வேலை இல்லை.

பல வருடங்களுக்குப் பிறகு அதே மூன்றை வேறோர் இடத்தில் கண்டேன். அக்ரோபாட்டிக் ஜிம்னாஸ்டிக் என்று உலக அளவில் ஒரு விளையாட்டே இருக்கிறது. முதல் உலகப் போட்டி 1974இல் மொஸ்கோவில் நடந்தது. பெண்கள் சோடி, ஆண்கள் சோடி, கலப்புச் சோடி, மூன்று பெண்கள், நான்கு ஆண்கள் என்று ஐந்து பிரிவுகள். பெரிய ஒலிம்பிக்கில் இன்றுவரை இடம் இல்லை. 2018இல் புவனோஸ் அயர்ஸில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் கலப்புச் சோடிக்கு இடம் கிடைத்தது. இந்த விளையாட்டில் சமநிலைக்கென்றே ஒரு தனி நிகழ்ச்சி உண்டு. ஒரு நிலையை மூன்று விநாடி அசையாமல் பிடித்தால்தான் முழுப் புள்ளி. என் சோடி இப்போது ரொறன்ரோவில் இருக்கிறாள். அவளுடைய மகள் அங்கே இதைப் பழகினாள். ஒருநாள் தொலைபேசியில், "அடியே, அங்கத்தைய கோச்சும் எங்கட மாஸ்ரர் சொன்னதைத்தான் சொல்லுறா, மேலை நிக்கிறவள் பேசாமல் நிக்கட்டாம்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்த மனிதர் எந்தப் புத்தகத்தில் படித்தாரோ, எங்கே பயின்றாரோ, சாக்கு மெத்தையில் எங்களுக்குச் சொல்லித் தந்தது உலகத் தரமான பாடம்.

நாங்கள் படித்த அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகள் இந்தப் பயிற்சிகளைச் செய்வதற்குப் பெரிய ஆயத்தம் வேண்டும். பழகுவது மண்டபத்துக்குப் பின்னால், வீதியால் போகிறவர்களுக்குத் தெரியாத இடத்தில். பாவாடையாகவும் காற்சட்டையாகவும் இருக்கும் ஓர் உடுப்பை அம்மாமார் தைத்துத் தருவார்கள். முழங்காலுக்குக் கீழே நாலு விரல் இறங்கியிருக்க வேண்டும். பெடியளோடு சோடி சேர்வது என்ற பேச்சே இல்லை. பெரிய பிள்ளையானதும் பலரை வீட்டில் மறித்துவிடுவார்கள். என்னை மறிக்காததற்குக் காரணம் அம்மம்மா. "அவள் தாங்குறாள்தானே, விழேல்லையே, விடுங்கோ" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டா. இன்று எங்கள் பிள்ளைகள் இல்ல நிறத்தில் ரீசேட்டும் ட்ராக் பொட்டமும் போட்டு, மைதானத்தின் நடுவில் பழகுகிறார்கள். தாய்மார் மதிலுக்கு வெளியே ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் போனில் வீடியோ எடுக்கிறார்கள். இந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பிறகு ஒருநாள் அம்மம்மாவைத் தூக்கியதும் மாஸ்ரர் பழக்கிய அந்த மணிக்கட்டுப் பிடியால்தான். 1996 ஆடியில் போர் காரணமாகக் கிளிநொச்சியை விட்டு எல்லாரும் இறங்கினோம். கோணாவில் ஊடாக அக்கராயன் பக்கம் போகிற வீதி முழுக்கச் சனம், மாடு, சைக்கிள், உழவு இயந்திரப் பெட்டிகள். சோளகக் காற்றில் புழுதி கண்ணை மறைத்தது. அம்மம்மாவை ஏற்றி வந்த சைக்கிளின் பின்சில்லு நெளிந்துவிட்டது. அவவால் பத்து அடி நடக்க முடியாது. நானும் தம்பியும் எதிரெதிரே நின்று, வலக்கையால் அவரவர் இடது மணிக்கட்டைப் பிடித்து, இடக்கையால் மற்றவரின் வலது மணிக்கட்டைப் பிடித்தோம். நாலு கையும் சேர்ந்து சதுரமான ஓர் இருக்கை ஆகிவிடும். சாரணர்களும் முதலுதவி பழகியவர்களும் காயப்பட்டவர்களைக் காவ இதையே கற்கிறார்கள். கண்காட்சியில் இதன்மேல் ஒரு பிள்ளையை நிறுத்தி உயர்த்துவோம். அம்மம்மா எங்கள் இருவர் தோளிலும் கை போட்டுக்கொண்டு இருந்தா. முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்து ஒன்றாக எழும்பினோம். நிழல் கண்ட இடத்தில் இறக்குவோம், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தூக்குவோம். "பழக்கின மாஸ்ரருக்குப் புண்ணியம்" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தா.

அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று இடம்பெயர்ந்த பள்ளிக்கூடங்கள் மரங்களுக்குக் கீழே நடந்த வருடங்களில் நான் தொண்டராசிரியை. ஒரே வளவில் காலையில் ஒரு பள்ளிக்கூடம், பின்னேரம் இன்னொன்று. பந்து இல்லை, வலை இல்லை, கோடு போடச் சுண்ணாம்பு இல்லை. அடுப்புச் சாம்பலால் கோடு போட்டோம். பொருளாதாரத் தடை எத்தனையோ பொருட்களை மறித்தது. ஒரு பிள்ளையில் இன்னொரு பிள்ளை ஏறி நிற்பதை மறிக்க முடியவில்லை. பதுங்குகுழி வெட்டிய மண் பக்கத்தில் குவிந்து கிடக்கும். கல் பொறுக்கிப் பரப்பிவிட்டால் வைக்கோல் சாக்கைவிட மெதுமை. அதில்தான் என் வகுப்புப் பிள்ளைகள் தொடையில் நின்றார்கள், முதுகில் நின்றார்கள், மூன்று எண்ணினார்கள். விமானச் சத்தம் கேட்டால் மேலே நிற்பவர் முதலில் இறங்க வேண்டும், கீழே நிற்பவர் அதன் பிறகே அசைய வேண்டும் என்பதையும் பழக்கியிருந்தேன். ஏறுவதைவிட இறங்கும் ஒழுங்குக்கே நான் கூடுதலான நேரம் எடுத்தேன்.

போர் முடிந்த 2009இன் மாதங்களைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். செட்டிகுளம் முகாமிலிருந்து 2010இல் திரும்பி வந்து, கூரை இல்லாத கட்டடத்தில் தறப்பாள் கட்டி வகுப்பைத் தொடங்கினோம். சோடியாக நிற்கச் சொன்னபோது பிள்ளைகள் நின்றார்கள். கையைப் பிடித்துக்கொண்டு இருவரும் பின்பக்கம் சாயுங்கள் என்றபோது சாயவில்லை. சாய்வதுபோல் செய்துவிட்டு ஒரு காலைப் பின்னால் ஊன்றிக்கொண்டார்கள். ஒரு சிறுவன் மணிக்கட்டைப் பிடிக்கவே விடவில்லை. யாராவது தொட்டால் கையை உதறிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விடுவான். நான் வற்புறுத்தவில்லை. எண்ணுகிற வேலையை அவனுக்குக் கொடுத்தேன். மற்றவர்கள் நிற்க அவன் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லுவான். முதலில் வேகமாக எண்ணினான், பிறகு நிதானமாக. மழை தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள் எண்ணிக்கொண்டிருந்தவன் வந்து தன் கையை நீட்டினான். யாரிடம் நீட்டினான் என்றால், வகுப்பிலேயே மெலிந்த பெடியனிடம். அவர்கள் இருவரும் பாதத்தோடு பாதம் ஒட்டி, கை நீட்டிச் சாய்ந்தபோது பின்னால் யாருடைய காலும் ஊன்றவில்லை.

சோடிகளை இப்படி நம்பும் நான் பெரிய பிரமிட்டுகளை எதிர்ப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நாலு, மூன்று, இரண்டு, ஒன்று என்று பத்துப் பேர் நாலு காலில் அடுக்கி நிற்கும் பிரமிட்டை எடுங்கள். ஒவ்வொருவரின் பாரமும் தனக்குக் கீழே உள்ள இருவருக்குப் பாதிப் பாதியாகப் போகிறது என்று வைத்து, எல்லாரும் 40 கிலோ என்று கொண்டால், அடிவரிசையின் இரண்டு ஓரத்துப் பிள்ளைகளும் தலைக்கு 35 கிலோ தாங்குகிறார்கள். நடுவில் உள்ள இருவரும் தலைக்கு 85 கிலோ. சனத்தின் கண்ணுக்கு நாலு பேரும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். ஓர் அடுக்கைக் கூட்டினால் நடுவில் நிற்கும் பிள்ளையின் முதுகில் மூன்று பிள்ளைகளின் பாரத்துக்கு மேல் வந்துவிடும். ஜப்பானில் பள்ளி விளையாட்டு விழாக்களில் இது பெரிய மரபாக இருந்தது. 2015இல் ஒசாகா மாகாணத்து யாவோ நகரில் 10 அடுக்குப் பிரமிட் சரிந்து பிள்ளைகள் காயப்பட்டார்கள். அடுத்த வருடம் ஒசாகா நகரக் கல்விச் சபை தன் பள்ளிக்கூடங்களில் பிரமிட்டையே நிறுத்திவிட்டது. ஸ்பெயினின் கட்டலோனியாவில் தோளுக்குமேல் தோளாக மனிதக் கோபுரம் கட்டுகிறார்கள். 2010இல் யுனெஸ்கோ அதை மரபுச் செல்வமாக ஏற்றது. ஆனால் அங்கே அடியில் நிற்பது நாலு பேர் அல்ல. பெரிய கோபுரம் என்றால் நூற்றுக்கணக்கானோர் நெருக்கி நின்று கைகொடுக்கிறார்கள். மேலிருந்து விழுகிறவர்களும் அவர்கள்மேல்தான் விழுகிறார்கள். உச்சிக்கு ஏறும் பிள்ளைக்குத் தலைக்கவசம் உண்டு. அவ்வளவு பேரும் அவ்வளவு கவனமும் இல்லாத இடத்தில் உயரம் வேண்டாம்.

இந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் கண்காட்சிக்கு நாலு அடுக்குக் கேட்டார்கள். உடற்கல்வி ஆசிரியர் இளம் பெடியன், நல்ல உற்சாகம். இரவு இருந்து கணக்கைத் தாளில் போட்டு அவரிடம் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "அக்கா, ரெண்டு அடுக்கோட நிப்பாட்டுவம், சோடியளைக் கூட்டுவம்" என்றார். அத்தோடு இன்னொன்றும் கேட்டேன். அறிவிப்பாளர் பெயர் வாசிக்கும்போது கீழே நிற்கிற பிள்ளைகளின் பெயரையும் வாசிக்க வேண்டும் என்று. எங்கள் காலத்தில் உச்சியில் நின்றவளின் பெயர் மட்டுமே ஒலிபெருக்கியில் வரும். இப்போது அடிவரிசையிலிருந்து தொடங்கி வாசிக்கிறார்கள்.

நேற்றுப் பின்னேரம் ஒரு தாய் நேரே மைதானத்துக்கே வந்துவிட்டா. வயல் வேலை முடிந்த கையோடு வந்திருந்தா. சட்டையில் பதர் ஒட்டியிருந்தது. மகளுக்குப் பதின்மூன்று வயது.

"ரீச்சர், என்ர பிள்ளையை ஏன் கீழை விட்டனீங்கள்? அவள் என்ன, மற்றவையைக் காவுறதுக்கே பிறந்தவள்?"

அந்தக் கேள்வியில் கோபம் மட்டும் இருக்கவில்லை. அந்த முகத்தை நான் அறிவேன். மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்த பெண். விளக்கம் சொன்னால் காதில் ஏறாது.

"செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ" என்றேன்.

"என்னத்துக்கு?"

"வாங்கோவன். காலை அகட்டி நில்லுங்கோ. இன்னும் கொஞ்சம். இப்ப கதிரையில இருக்கிற மாதிரி இருங்கோ."

மகள் வெட்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றப் பிள்ளைகள் சுற்றிவர வந்துவிட்டார்கள். உடற்கல்வி ஆசிரியர் முன்னுக்கு ஒருவரையும் பின்னுக்கு ஒருவரையும் காவலுக்கு நிறுத்தினார். தாய் என்னைப் பார்த்தா, மகளைப் பார்த்தா. பிறகு நெல்மூடை இறக்கிப் பழகிய அந்தக் கால்களை மண்ணில் ஊன்றி இருந்தா. ஒரு நடுக்கம் இல்லை.

"ஏறு பிள்ளை" என்றேன். "முழங்காலுக்குக் கிட்ட வையாதை, இடுப்போட ஒட்டி வை. அம்மா, நீங்கள் அவளைப் பிடிச்சுக்கொண்டு பின்னுக்குச் சாயுங்கோ. பயப்பிடாதேங்கோ, அவள் பேசாமல் நிப்பாள், பிடிக்கிறது நீங்கள்தான். நான் எண்ணுறன்."